கம்பெனிக்காக எழுதிய ஓடூ மாட்யூலை ஓசிஏவிடம் சேர்ப்பது எப்படி

கணக்கு, கிடங்கு, விற்பனை எனத் தொழில் நிர்வாகத்துக்கான மென்பொருளான ஓடூ ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பை வெளியிடுகிறது. பராமரிப்பு கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான். சொந்தமாகப் பத்து மாட்யூல் (ஓடூவோடு சேர்க்கும் கூடுதல் வசதி) எழுதி வைத்திருக்கும் நிறுவனம், பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் பத்தையும் தானே புதிய பதிப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அவற்றில் எல்லாருக்கும் பயன்படக்கூடியவற்றை ஓடூ கம்யூனிட்டி அசோசியேஷனிடம் கொடுத்துவிட்டால், அதே வசதி தேவைப்படும் இன்னொருவர் உங்களுக்கு முன்பே அதை மாற்றி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. ஓசிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பு சுவிட்சர்லாந்தில் பதிவான, லாப நோக்கமற்ற ஒன்று. கணக்கு, கிடங்கு, விற்பனை, மனிதவளம் எனத் துறைவாரியாக, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ரெப்போக்களை (நிரல் களஞ்சியங்களை) வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஓடூ பதிப்புக்கும் ஒரு பிராஞ்ச், அதாவது நிரலின் தனிக் கிளை.

தங்கள் கிட்ஹப் கணக்கில் ஒரு ஃபோல்டரை ஏற்றிவிட்டு ஓப்பன் சோர்ஸ் செய்துவிட்டதாக அறிவிக்கும் நிறுவனங்கள் நிறைய. அதற்கு அரை மணி நேரம் போதும், பலனும் அந்த அளவுக்குத்தான். ஓசிஏவில் சேர்ப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். நிரலைத் திறந்து காட்டுவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். அதில் ஊறிக் கிடக்கும் உங்கள் கம்பெனியின் வழக்கங்களைப் பிரித்தெடுப்பதில்தான் மிச்ச நேரமெல்லாம் போகிறது.

எதைக் கொடுப்பது

கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறும்போது வண்டி எண் போடாமல் டெலிவரி ஆர்டரை முடிக்க விடாத ஒரு மாட்யூல் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திறந்து பார்த்தால் உள்ளே நாலு வேலை நடக்கும்: வண்டி எண்ணுக்கான புலம், எண் இல்லையென்றால் தடுக்கும் சோதனை, கம்பெனி லோகோவோடு கேட் பாஸ் அச்சடிப்பு, இ-வே பில்லுக்கான தகவல் திரட்டல். இதை அப்படியே அனுப்பினால், மற்றவர்கள் நிரலைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ரிவ்யூவில் முதல் நாளே மாட்டிக்கொள்ளும். புலமும் சோதனையும் பெல்ஜியத்தில் இருப்பவருக்கும் பிரேசிலில் இருப்பவருக்கும் பயன்படும். அவை கிடங்கு நடைமுறைகளுக்கான ரெப்போவுக்குப் போகலாம். இ-வே பில் பகுதி இந்தியாவுக்கான ரெப்போவில் தனி மாட்யூலாக இருக்க வேண்டியது. கேட் பாஸ் அச்சு உங்களிடமே இருக்கட்டும். அதை யாரும் கேட்கப் போவதில்லை.

பிரித்து முடித்ததும், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் பதிப்பின் பிராஞ்சில் மட்டும் தேடுவது போதாது. பழைய பதிப்புகளின் பிராஞ்சுகளில் இருக்கலாம். மெர்ஜ் ஆகாமல், அதாவது பிராஞ்சில் இன்னும் சேராமல், காத்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையில்) இருக்கலாம். ஒவ்வொரு ரெப்போவிலும் ‘மைக்ரேஷன் டு வெர்ஷன் 18.0’ என்பது போன்ற தலைப்பில் ஒரு இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்திருக்கும். பழைய பதிப்பில் இருந்த மாட்யூல்கள், அவற்றை யார் கையில் எடுத்திருக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். 16.0-இல் இருக்கும் ஒன்று உங்கள் தேவைக்கு முக்கால்வாசி பொருந்தினால், புதிதாகச் சேர்ப்பதைவிட அதை 18.0-க்குக் கொண்டுவந்து, மிச்சக் கால்வாசியைத் தனி மாற்றமாகக் கொடுப்பதே குறைந்த வேலை.

ஓடூவின் கட்டண வடிவமான எண்டர்பிரைஸின் மாட்யூல் எதையாவது சார்ந்திருந்தால் ஓசிஏ ஏற்காது. சார்பு எங்கிருந்து வருகிறது என்பது சில சமயம் ஒளிந்திருக்கும்: உங்கள் மாட்யூல் சார்ந்திருக்கும் உங்கள் இன்னொரு மாட்யூல் எண்டர்பிரைஸைச் சார்ந்திருக்கும். எண்டர்பிரைஸ் இல்லாத வெறும் கம்யூனிட்டி டேட்டாபேஸில் நிறுவிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உரிமையும் லைசென்ஸும்

இந்தப் பகுதியை டெவலப்பர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக் கூடாது. வாடிக்கையாளருக்காகக் காசு வாங்கி எழுதிய நிரல் யாருடையது என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ‘எழுதப்படும் மூல நிரல் முழுவதும் வாடிக்கையாளருக்கே உரியது’ என்று ஒரு வரி இருந்தால், அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கமிட்கூட (நிரலில் பதிவான மாற்றம்) வெளியே போகக் கூடாது. இனி போடும் ஒப்பந்தங்களில், பொதுப் பயன் உள்ள பகுதிகளை ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் வெளியிடலாம் என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்பதைவிட விலை பேசும்போதே கேட்பது சுலபம்.

ஓசிஏவோடு பங்களிப்பு ஒப்பந்தம் ஒன்று உண்டு. தனி ஆளுக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று. நிறுவன ஒப்பந்தத்தில் யார் யார் கமிட் செய்வார்கள் என்ற பட்டியலையும் தர வேண்டும். பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களிடமே இருக்கும். பயன்படுத்தவும் வெளியிடவும் ஓசிஏவுக்கு உரிமை கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். வேலையை விட்டுப் போனவரின் பெயரில் பழைய கமிட்டுகள் இருப்பதும், லேப்டாப்பில் மின்னஞ்சல் சரியாக அமைக்காததால் கமிட் யாருடையது என்றே தெரியாமல் போவதும் இந்த இடத்தில் அடிக்கடி வரும் தலைவலிகள். அனுப்பும் முன் கிட் லாகில் (கமிட்டுகளின் பட்டியலில்) உள்ள பெயர்களையும் மின்னஞ்சல்களையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஓடூ கம்யூனிட்டி 9-ஆம் பதிப்பிலிருந்து எல்ஜிபிஎல் 3 லைசென்ஸில் வருகிறது. அதற்கு முன் ஏஜிபிஎல் 3. ஓசிஏ இரண்டையும் ஏற்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் விருப்பம் மட்டும் தீர்மானிக்காது. உங்கள் மாட்யூல் ஒரு ஏஜிபிஎல் மாட்யூலைச் சார்ந்திருந்தால் உங்களுடையதும் ஏஜிபிஎல்தான். எல்ஜிபிஎல் மாட்யூலின் மேல் மூடிய லைசென்ஸ் மாட்யூலைக் கட்டி விற்கலாம்; ஏஜிபிஎல்லின் மேல் அது நடக்காது. எனவே நாளைக்கு ஓடூ ஆப் ஸ்டோரில் விற்கப்போகும் ஒன்றுக்கு இது அடித்தளம் என்றால் எல்ஜிபிஎல் போடுங்கள். உங்கள் உழைப்பை எடுத்து வேறொருவர் மூடி விற்கக் கூடாது என்பதுதான் கவலை என்றால் ஏஜிபிஎல். முடிவை முதல் நாளே எடுங்கள். நாலு பேர் கமிட் செய்த பிறகு மாற்ற நினைத்தால் நாலு பேரிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்: இதில் ஏதாவது பகுதி ஆப் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய மாட்யூலிலிருந்தோ எண்டர்பிரைஸிலிருந்தோ நகலெடுத்ததா? அவசர டெலிவரிகளில் இது நடக்கும். அப்படியிருந்தால் அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு, மூலத்தைப் பார்க்காத ஒருவர் புதிதாக எழுத வேண்டும்.

சுத்தம் செய்தல்

ஏபிஐ சாவி, கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர் ஆகியவற்றை இன்றைய நிரலில் அழித்தால் போதாது; கிட் வரலாற்றில் அவை இருக்கும். வரலாறு சுத்தமாக இருந்தால் அதோடு அனுப்புங்கள், எழுதியவர்களுக்கு உரிய பெயர் நிலைக்கும். சுத்தமாக இல்லையென்றால் புதிதாக ஒரே கமிட்டாக ஆரம்பித்து, எழுதியவர்களின் பெயர்களைப் பங்களிப்பாளர் கோப்பில் போடுங்கள். எப்போதோ கமிட் ஆன சாவியை எப்படியும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, உங்கள் கம்பெனியை மட்டும் மனதில் வைத்து எழுதிய வரிகளைத் தேடுங்கள். கம்பெனி ஐடி 1 என்று நேரடியாக எழுதியது, நாணயம் ரூபாய் என்று நினைத்துக்கொண்டது, கிடங்கின் பெயரைச் சரமாக வைத்து ஒப்பிட்டது, ஒரு குறிப்பிட்ட பயனரின் ஐடிக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்புவது. பல கம்பெனிகள் ஒரே டேட்டாபேஸில் இருக்கும் சூழலில் இவை உடனே உடையும். லேபிள்களும் பிழைச் செய்திகளும் மூல நிரலில் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தமிழ், இந்தி எல்லாம் ஓசிஏவின் வெப்லேட் தளத்தில் மொழிபெயர்ப்பாகச் சேரும். மொழிபெயர்ப்பு ஃபங்ஷனுக்குள் எஃப்-ஸ்ட்ரிங் (மதிப்புகளை உள்ளேயே நிரப்பும் பைத்தான் சரம்) போட்டால் அந்தச் செய்தி என்றைக்கும் மொழிபெயராது, ஏனென்றால் மதிப்பு நிரம்பிய பிறகுதான் தேடல் நடக்கிறது. மதிப்புகளைத் தனி ஆர்க்யுமெண்டுகளாகக் கொடுங்கள்.

வண்டி எண் மாட்யூலில் இன்னொரு பொறி இருக்கிறது. ஓசிஏவின் தானியங்கிச் சோதனை ஒரு ரெப்போவில் உள்ள மாட்யூல்களையெல்லாம் ஒரே டேட்டாபேஸில் சேர்த்து நிறுவி ஓட்டும். எண் இல்லாமல் டெலிவரியை முடிக்க முடியாது என்று நீங்கள் பொத்தாம்பொதுவாகத் தடுத்தால், டெலிவரியை முடித்துப் பார்க்கும் மற்ற மாட்யூல்களின் சோதனைகள் வரிசையாகச் சிவப்பாகும். உங்கள் கணினியில் எல்லாம் பச்சையாக இருந்திருக்கும். இதற்குத் தீர்வு, கட்டாயமா இல்லையா என்பதை ஆபரேஷன் டைப்பில் ஒரு டிக் பெட்டியாக வைத்து, தொடக்க நிலையில் அணைத்து வைப்பது. எந்தத் தடையும் நிறுவியவுடன் செயல்படக் கூடாது. பயனர் போய் இயக்க வேண்டும். முரண்டு பிடிக்கும் மாட்யூல்களைத் தனியாகச் சோதிக்கவும் ஏற்பாடு உண்டு, ஆனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றும்போது

கம்பெனிப் பெயரை முன்னொட்டாகக் கொண்ட தொழில்நுட்பப் பெயர் ஓசிஏவில் நிற்காது. பெயர் மாறும். உங்கள் வாடிக்கையாளரின் டேட்டாபேஸிலோ இரண்டு வருடத் தரவு பழைய பெயரின் கீழ் இருக்கும். பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதியதை நிறுவலாம் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அன்இன்ஸ்டால் செய்யும்போது அந்த மாட்யூலுக்கு மட்டுமே சொந்தமான புலங்களின் நெடுவரிசைகள் டேட்டாபேஸிலிருந்தே நீக்கப்படும். வண்டி எண்கள் எல்லாம் போய்விடும்.

பெயர் மட்டும் மாறுகிறது என்றால் ஓபன்அப்கிரேட்லிப் நூலகத்தில் மாட்யூல் பெயர்களை மாற்றும் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. சர்வரை நிறுத்தி, பேக்கப் எடுத்து, பழைய பெயர், புதிய பெயர் என்ற ஜோடியைக் கொடுத்து அதை ஓட்டுங்கள். வெளி ஐடிகள் உட்பட எல்லாம் புதிய பெயருக்கு மாறும். பிறகு பழைய ஃபோல்டரை ஆடான்ஸ் பாதையிலிருந்து (ஓடூ மாட்யூல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) எடுத்துவிட்டு, புதிய மாட்யூலை அப்டேட் செய்து சர்வரைத் தொடங்குங்கள். புதியது அங்கே முன்பே நிறுவப்பட்டிருந்தால் அந்த ஃபங்ஷனின் இணைப்பு விருப்பத்தை இயக்க வேண்டும். புலங்களின் பெயரும் மாறினால் அதற்கு அதே நூலகத்தில் தனி ஃபங்ஷன் உண்டு.

ஒன்றை மூன்றாகப் பிரித்தீர்கள் என்றால் வரிசை முக்கியம். புலத்தின் பெயரை மாற்றாமல் வைத்து, புதிய மாட்யூல்களை முதலில் நிறுவுங்கள். அப்போது அந்தப் புலத்துக்குப் பழைய மாட்யூல், புதிய மாட்யூல் என இரண்டு சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அதன் பிறகு பழையதை எடுத்தாலும் இன்னொருவர் இருப்பதால் ஓடூ நெடுவரிசையைத் தொடாது. எதுவானாலும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரின் நகல் ஒன்றில் ஓட்டி, புலத்தில் மதிப்பு உள்ள வரிசைகளை முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்காமல் அசல் பக்கம் போகாதீர்கள்.

அனுப்புவது

ரெப்போவை ஃபோர்க் செய்து (உங்கள் கிட்ஹப் கணக்கில் நகலெடுத்து), எந்தப் பதிப்புக்கோ அந்தப் பிராஞ்சிலிருந்து ஒரு பிராஞ்ச் எடுங்கள். மாட்யூலின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் பதிப்பு எண் 18.0.1.0.0 என்று தொடங்கும். புள்ளிகளால் பிரிந்த ஐந்து எண்களில் முதல் இரண்டு ஓடூவினுடையது, மிச்சம் மூன்று உங்களுடையது. ஆசிரியர் இடத்தில் கம்பெனிப் பெயரோடு ஓசிஏவின் முழுப் பெயரும் காற்புள்ளியிட்டு வர வேண்டும். இணையதளம் என்ற இடத்தில் உங்கள் கம்பெனித் தளத்தைப் போடக் கூடாது. அந்த ரெப்போவின் கிட்ஹப் முகவரிதான். கம்பெனிக்கு விளம்பரம் வேண்டுமென்றால் பங்களிப்பாளர் கோப்பிலும் ஆசிரியர் பெயரிலும் கிடைக்கிறது. பராமரிப்பாளர் இடத்தில் கிட்ஹப் பயனர் பெயர்கள். முடிந்தால் இரண்டு பேரைப் போடுங்கள், ஒருவர் வேலை மாறிப் போனாலும் அறிவிப்புகள் யாருக்காவது வந்து சேரும்.

ரீட்மியைக் கையால் எழுதாதீர்கள். ‘ரீட்மி’ என்ற ஃபோல்டருக்குள் விவரணை, அமைப்பு முறை, பயன்பாடு, பங்களிப்பாளர்கள் என்று தனித்தனிச் சிறு கோப்புகளாக வைத்தால் கருவி அவற்றைத் தொகுத்துக்கொள்ளும். விவரணையில் நிரலைப் பற்றிச் சொல்லாமல், பயனருக்கு எந்த இடத்தில் என்ன மாறும் என்று எழுதுங்கள். எந்த மெனு, எந்தப் பெட்டி என்று பயன்பாட்டுக் கோப்பில் படிப்படியாக இருந்தால் ரிவ்யூ செய்பவர் அதையே பின்பற்றிச் சோதிப்பார். அது இல்லாத புல் ரிக்வெஸ்ட்டை யாரும் தொடுவதில்லை.

பிறகு ப்ரீ-கமிட் என்ற சரிபார்ப்புக் கருவி. ரெப்போவிலேயே அதன் அமைப்பு இருக்கிறது. நிறுவி, எல்லாக் கோப்புகளின் மீதும் ஒரு முறை ஓட்டுங்கள். நிரலின் வடிவத்தைச் சீர் செய்யும், பைலின்ட்-ஓடூ வழியாக ஓடூவுக்கே உரிய தவறுகளைச் சுட்டும். பழைய பதிப்பில் எழுதியதைக் கொண்டுவந்தால் 17.0-இலிருந்து வியூக்களில் ‘அட்ரஸ்’, ‘ஸ்டேட்ஸ்’ பண்புகள் கிடையாது, நிபந்தனையை நேராக எழுத வேண்டும் என்பதும், 18.0-இல் ‘ட்ரீ’ என்பது ‘லிஸ்ட்’ ஆகிவிட்டது என்பதும்தான் முதலில் இடிக்கும்.

ஒரு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு மாட்யூல். தலைப்பில் பதிப்பு, வகை, மாட்யூல் பெயர் இந்த வரிசையில்: சதுர அடைப்புக்குள் 18.0, அடுத்த அடைப்புக்குள் புதியது என்றால் ‘ஆட்’, பதிப்பு மாற்றம் என்றால் ‘மிக்’, பிழைத்திருத்தம் என்றால் ‘ஃபிக்ஸ்’. ‘சிறு மாற்றம்’, ‘மறுபடியும் சரிசெய்தேன்’ வகைக் கமிட்டுகளை ஸ்குவாஷ் செய்து ஒன்றாக்கிவிடுங்கள். இன்னும் மெர்ஜ் ஆகாத வேறொரு புல் ரிக்வெஸ்ட்டை உங்கள் மாட்யூல் சார்ந்திருந்தால், டெஸ்ட்-ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் அதைச் சுட்டித் தனிக் கமிட்டாக வையுங்கள். அது மெர்ஜ் ஆனதும் இந்தக் கமிட்டை நீக்க வேண்டும்.

புல் ரிக்வெஸ்ட் திறந்ததும் ரன்போட் என்ற சேவை அந்த மாற்றத்தோடு ஒரு தற்காலிக ஓடூவைத் தயார் செய்யும். நிரல் தெரியாத கிடங்கு மேலாளர்கூட உலாவியில் நுழைந்து சோதித்துக் கருத்துச் சொல்லலாம், அதுவும் ரிவ்யூதான். குறைந்தது இரண்டு ஒப்புதல், குறைந்தது ஐந்து நாள். இரண்டும் சேர்ந்ததும் ‘ரெடி டு மெர்ஜ்’ என்ற லேபிளை ஓசிஏவின் பாட் (தானியங்கி நிரல்) ஒட்டும். மெர்ஜ் உரிமை உள்ளவர் ஒரு கமென்ட்டில் கட்டளை போட்டால் மிச்சத்தை பாட் பார்த்துக்கொள்ளும். இரண்டு ஒப்புதலும் உங்கள் அலுவலகத்திலிருந்தே வந்தால் எண்ணிக்கை நிறையும், நம்பிக்கை வராது. வெளி ஆள் ரிவ்யூ கிடைக்க ஒரே நல்ல வழி, நீங்கள் அதே ரெப்போவில் மற்றவர்களுடையதைப் பார்ப்பது. மூன்று பேருடையதை ஒழுங்காகச் சோதித்துக் கருத்து எழுதிவிட்டு உங்களுடையதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் பார்ப்பார்கள். யாரும் தொடாமல் சில மாதங்கள் கிடந்தால் பழையதாகிவிட்டது என்று குறியிட்டு, பிறகு தானாகவே மூடிவிடும்.

ரிவ்யூவில் எதைப் பிடிப்பார்கள் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்த விஷயம்: சூப்பரை (மூல மெத்தடை) அழைக்காமல் முழு மெத்தடையும் திரும்ப எழுதியது, கிரியேட் மெத்தட் பட்டியலை ஏற்காமல் ஒற்றைப் பதிவை மட்டும் ஏற்பது, லூப்புக்குள் தேடல், காரணமில்லாத சூடோ (அணுகல் உரிமைச் சோதனையைத் தாண்டுவது), நடுவில் டேட்டாபேஸ் கமிட், புது மாடலுக்கு அணுகல் உரிமைக் கோப்பு இல்லாதது, டெஸ்ட்டே இல்லாதது. இவற்றை அனுப்பும் முன்பே சரிசெய்துவிடலாம். வேறு வகைக் கருத்து ஒன்று உண்டு: ‘டிரைவர் பெயரும் சேர்த்தால் நன்றாயிருக்குமே.’ இதற்கெல்லாம் தலையாட்டினால் மாட்யூல் வீங்கிக்கொண்டே போகும். நல்ல யோசனை, தனி மாட்யூலாக வரட்டும் என்று சொல்லி, ரோட்மேப் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்வதில் தவறில்லை.

மெர்ஜ் ஆகும் வரையிலும், ஆன பிறகும்

உங்கள் வாடிக்கையாளர் ஐந்து நாளெல்லாம் காத்திருக்க மாட்டார். மெர்ஜ் ஆகாத புல் ரிக்வெஸ்ட்டை ஓசிஏ பிராஞ்சோடு சேர்த்து இழுத்துத் தரும் கிட்-அக்ரிகேட்டர் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. ஒரு யாமல் கோப்பில் ரெப்போவையும் புல் ரிக்வெஸ்ட் எண்ணையும் எழுதினால் போதும். மெர்ஜ் ஆன பிறகு மாட்யூல், பைத்தான் பொதிகளின் களஞ்சியமான பைபிஐயிலும் வந்துவிடும். 15.0 முதல் பொதியின் பெயர் ‘ஓடூ-ஆடான்’ என்று தொடங்கி மாட்யூல் பெயரோடு முடியும். பிப் கருவி வழியாக நிறுவும்போது எந்தப் பதிப்பு எண் என்று குறிப்பிட்டு நிலைநிறுத்த மறக்க வேண்டாம்.

உங்கள் பழைய நகலை அன்றைக்கே நீக்குங்கள். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருந்தால் ஆடான்ஸ் பாதையில் எது முன்னால் இருக்கிறதோ அதைத்தான் ஓடூ எடுக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. ஓசிஏவில் சரிசெய்த பிழை உங்கள் சர்வரில் மட்டும் தொடர்கிறது என்ற மர்மத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிழை கண்டுபிடித்தால் முதலில் ஓசிஏவில் சரிசெய்து, அங்கிருந்து உங்கள் சர்வருக்கு இழுங்கள். அவசரத்துக்கு உள்ளேயே திருத்தினால், அன்று மாலைக்குள் அதே திருத்தத்தைப் புல் ரிக்வெஸ்ட்டாகத் திறந்து, அக்ரிகேட்டர் கோப்பில் அதன் எண்ணை எழுதிவையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் இரண்டு வேறு மாட்யூல்களைப் பராமரித்துக்கொண்டிருப்பீர்கள்.

புதிய பதிப்பு வரும்போது ஃபோல்டரை நகலெடுத்து ஒட்டாதீர்கள். கிட்டின் ஃபார்மட்-பேட்ச், ஏஎம் கட்டளைகளால் பழைய பிராஞ்சிலிருந்து மாட்யூலின் வரலாற்றை அப்படியே கொண்டுவந்து, ப்ரீ-கமிட் மாற்றங்களை ஒரு கமிட்டாகவும், உண்மையான பதிப்பு மாற்றத்தை இன்னொரு கமிட்டாகவும் வைக்க வேண்டும். ரிவ்யூ செய்பவர் இரண்டாவதை மட்டும் படித்தால் போதும். தொடங்கும் முன் மைக்ரேஷன் இஷ்யூவில் எடுத்துக்கொண்டதாகச் சொல்லுங்கள், ஒரே மாட்யூலை இரண்டு பேர் செய்வது தவிரும். நிறுவனம் அந்த மாட்யூலைப் பயன்படுத்துவதை ஒரு நாள் நிறுத்திவிட்டால், பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்கும் ஒரு வரிப் புல் ரிக்வெஸ்ட்டை அனுப்பிவிடுங்கள்; பதில் வராத பெயரைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்காது.